கஸ்பாச்சோவில் ரொட்டி எங்கே?

‘ரெட் ட்வார்ஃப்’ என்று ஒரு பிரிட்டிஷ் டிவி தொடர், 1988-ல் ஆரம்பித்தது. அதில் ரிம்மர் என்று ஒருத்தன் வருவான். விண்கப்பலில் கீழ்நிலை டெக்னீஷியன். எப்படியாவது மேலே போயிடணும்னு தவிக்கிறவன். ஒரு நாள் கேப்டனின் மேஜையில் சாப்பிட அவனுக்கு அழைப்பு வருகிறது. முதலில் சூப் வைக்கிறார்கள். வாயில் வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. சமையல்காரரைக் கூப்பிட்டு, இதைச் சூடு பண்ணிக் கொண்டு வா என்று அனுப்பிவிடுகிறான். அது குளிராகவே சாப்பிட வேண்டிய கஸ்பாச்சோ என்பது அவனுக்குப் பிறகுதான் தெரியவருகிறது. அந்த அவமானம் அவனை விடவே இல்லை. சாகும்போது கடைசியாக அவன் வாயிலிருந்து வருவதும் அந்தச் சூப்பின் பெயர்தான்.

ஏழு வருஷம் கழித்து, 1995-ல், ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் அதே சூப். புதிதாகச் சைவத்துக்கு மாறிய சிறுமி லிசா, அப்பா நடத்தும் கறி விருந்துக்குக் கஸ்பாச்சோ செய்து எடுத்து வருகிறாள். இது ஜில்லென்று தரும் தக்காளி சூப் என்று விளக்குகிறாள். கூட்டம் மொத்தமும் சிரிக்கிறது.

இரண்டும் நல்ல நகைச்சுவை. நான் பலமுறை பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் சமன்பாடு ஒன்றுதான்: கஸ்பாச்சோ = தக்காளி சூப் – சூடு. கோடை வந்தால் கண்ணில் படும் ‘குளிர்ந்த சூப்’ செய்முறைகளில் பெரும்பாலானவை இதே சமன்பாட்டில்தான் ஓடுகின்றன. தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், மிக்ஸியில் ஒரு சுற்று, ஒரு கை ஐஸ்கட்டி, மேலே ஒரு இலை. ரொட்டி பற்றிப் பேச்சே இருக்காது. இருந்தாலும் ‘விரும்பினால்’ என்று ஒரு ஓரத்தில் இருக்கும்.

அந்த ‘விரும்பினால்’ என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு.

இந்தத் தகராறு புத்தகத்தில் தொடங்கவில்லை, வீட்டில் தொடங்கியது. சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம். சமையலறைக்குள் நிற்க முடியாத வெயில். அடுப்பே பற்ற வைக்காமல் மதியச் சாப்பாடு என்று பெருமையாக அறிவித்துவிட்டு, மேலே சொன்ன முறைப்படி கஸ்பாச்சோ செய்து கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தேன். அப்பா நிதானமாகக் குடித்து முடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். “நல்லாத்தாம்பா இருக்கு. சாப்பாடு எப்போ?” என்றார்.

அப்போது சிரித்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. வயலில் வேலை செய்கிறவர்களின் மதிய உணவு என்று படித்துவிட்டுத்தானே இதைச் செய்தோம்? இதைக் குடித்துவிட்டு ஒருத்தர் அறுவடைக்குப் போக முடியுமா? முடியாது. அப்படியென்றால் ஒன்று அந்த வரலாறு பொய், இல்லையென்றால் என் செய்முறை பொய்.

குடும்பத்தை வரிசையில் நிறுத்திப் பார்ப்போம்

ஒரு பெயர் எதைக் குறிக்கிறது என்று தெரியவில்லையா? அந்தப் பெயரை வைத்திருக்கும் எல்லாவற்றையும், அதற்கு நெருங்கிய உறவுகளையும் வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது எது என்று பார்க்க வேண்டும். கோடில் பிழை தேடுகிறவர்களுக்குப் பழகிப்போன வழி இது.

முதலில் தெற்கு ஸ்பெயின், அந்தலூசியா. நாம் அறிந்த சிவப்புக் கஸ்பாச்சோ இங்கேதான். பக்கத்தில் கோர்தோபா நகரத்தின் சல்மொரேஹோ: தக்காளி, ரொட்டி, ஆலிவ் எண்ணெய், பூண்டு, உப்பு. கரண்டி நிற்கும் கெட்டி. அந்தெகேரா ஊரின் போர்ரா இன்னும் கெட்டி. மாலகா பக்கம் போனால் அஹோபிளாங்கோ: ஊறவைத்த ரொட்டி, பாதாம், பூண்டு, எண்ணெய், வினிகர், தண்ணீர். பால் போல வெள்ளையாக இருக்கும், மேலே பச்சைத் திராட்சை மிதக்கும். தக்காளி ஒரு துண்டுகூடக் கிடையாது. மாலகா மலைகளில் இருக்கும் அல்மாச்சார் என்ற சின்ன ஊர் செப்டம்பர் மாதத்தில் இதற்கென்றே ஒரு திருவிழா நடத்துகிறது.

ஆகத் தக்காளி பொது அம்சம் இல்லை. சரி, குளிர்ச்சி?

லா மான்சாவுக்கு வாருங்கள், தோன் கிஹோத்தே நாவலின் நிலம். அங்கேயும் ‘கஸ்பாச்சோ’ உண்டு. முயல், காட்டுப் பறவை போன்ற வேட்டைக் கறியைக் கொதிக்கவைத்து, அதில் புளிக்கவைக்காத தட்டை ரொட்டியைப் பிய்த்துப் போட்டு வேகவிட்ட சூடான குழம்பு. பெயர் கஸ்பாச்சோதான். ரிம்மர் அங்கே போயிருந்தால் மானம் தப்பியிருக்கும். அந்தலூசியாவுக்குள்ளேயே ஹெரெஸ் வட்டாரத்தில் ரொட்டி, பூண்டு, தக்காளி சேர்த்துச் சூடாகச் சாப்பிடும் ‘அஹோ காலியெந்தே’ என்ற உழவர் உணவும் இருக்கிறது. எல்லை தாண்டிப் போர்ச்சுகலின் அலெந்தேஜோவில் கஸ்பாச்சோவை அரைப்பதே இல்லை. நறுக்கிய காய்களும் ரொட்டித் துண்டுகளும் வினிகர் நீரில் மிதக்கும்.

ஆகக் குளிர்ச்சியும் பொது இல்லை, அரைப்பதும் பொது இல்லை.

எல்லாவற்றிலும் மிஞ்சுவது ரொட்டி ஒன்றுதான். கோதுமை ரொட்டி, பெரும்பாலும் முந்தாநாள் சுட்டுக் காய்ந்துபோனது, ஏதாவது ஒரு திரவத்தில் நனைந்து மீண்டும் உணவாகிறது. கஸ்பாச்சோ என்ற பெயர் உண்மையில் சுட்டுவது இந்தச் செயலைத்தான் என்று நான் நினைக்கிறேன். ‘விரும்பினால்’ என்று ஓரத்தில் போட்டது ஓரத்துச் சரக்கு இல்லை, ஃபங்ஷனின் உடம்பே அதுதான்.

பழைய புத்தகங்கள் சொல்வது

வரிசையை இப்போது காலத்தில் பின்னோக்கி நகர்த்துவோம்.

1747-ல் மாட்ரிடில் ஹுவான் தெ லா மாத்தா என்பவரின் ‘ஆர்தே தெ ரெப்போஸ்தெரியா’ வெளியானது. இனிப்புகள், பானங்கள் முக்கியமாக இருந்தாலும் அதில் கஸ்பாச்சோவுக்கும் இடம் இருக்கிறது. ரொட்டியின் மேலோட்டை வாட்டி, நீரில் நனைத்து, நெத்திலி வகை மீனின் முள், பூண்டு, வினிகர், சர்க்கரை, உப்பு, எண்ணெய் சேர்த்த சாற்றில் ஊறவிடச் சொல்கிறார். தக்காளி இல்லை.

அப்போது ஸ்பெயினில் தக்காளி தெரியாத பொருளா என்றால், இல்லை. இதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1745-ல், ஹுவான் அல்தாமிராஸ் என்ற துறவி எழுதிய சமையல் புத்தகத்தில் தக்காளி பல இடங்களில் வருகிறது. தக்காளி சமையலறைக்குள் வந்துவிட்டது. கஸ்பாச்சோவுக்குள் அதற்குக் கட்டாய இடம் இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த சாட்சி வருவது எதிர்பாராத இடத்திலிருந்து. 1824-ல் அமெரிக்காவில் மேரி ரண்டால்ஃப் ‘தி வர்ஜினியா ஹவுஸ்-வைஃப்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதில் ஸ்பெயின் கஸ்பாச்சோவுக்கு ஒரு குறிப்பு. இங்கே தக்காளி வந்துவிட்டது, வெள்ளரியும் வந்துவிட்டது. ஆனால் முதல் வேலை என்ன தெரியுமா? சாலட் கிண்ணத்தின் அடியில் மென்மையான பிஸ்கட்டையோ வாட்டிய ரொட்டியையோ பரப்புவது. அதன் மேல் தக்காளி, வெள்ளரி, வெங்காயம் என்று அடுக்கடுக்காக நிரப்பி, வேகவைத்து வடிகட்டிய தக்காளிச் சாற்றில் கடுகும் எண்ணெயும் கலந்து ஊற்றி, சாப்பிடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே செய்து வைக்கச் சொல்கிறார். எதற்கு இரண்டு மணி நேரம்? அடியில் இருக்கும் ரொட்டி ஊறத்தான் என்று நான் வாசிக்கிறேன்.

இன்னொரு சின்னச் சாட்சி. ரெட் ட்வார்ஃப் வந்த அதே 1988-ல் ஸ்பெயினில் பெத்ரோ அல்மோதோவாரின் ‘நரம்பு முறியும் விளிம்பில் பெண்கள்’ படம் வந்தது. அதிலும் கஸ்பாச்சோ வைத்துத்தான் வேடிக்கை. தூக்க மாத்திரை கலந்த ஒரு ஜாடி கஸ்பாச்சோ கதையையே திருப்பிவிடுகிறது. கதாநாயகி ஒரு இடத்தில் அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று வரிசையாகச் சொல்வாள். அந்தப் பட்டியலில் காய்ந்த ரொட்டி உண்டு. நகைச்சுவைக்காக மாத்திரை சேர்ப்பார்கள், ரொட்டியை எடுக்க மாட்டார்கள்!

ஒரு சின்னக் கணக்கு

கோர்தோபா சல்மொரேஹோவுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு இது: தக்காளி 1 கிலோ, ரொட்டி 200 கிராம், ஆலிவ் எண்ணெய் 100 கிராம். பூண்டும் உப்பும் தனி.

எடையில் பார்த்தால் 1,300 கிராமில் தக்காளி 1,000. அதாவது 77 சதவீதம். நிறத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு. இதைத் தக்காளி சூப் என்று ஒருவர் சொன்னால் கோபிக்க முடியாது.

இப்போது கலோரியில் பாருங்கள். தக்காளி 100 கிராமுக்குச் சுமார் 18. ஒரு கிலோவுக்கு 180. ரொட்டி 100 கிராமுக்குச் சுமார் 260; 200 கிராமுக்கு 520. எண்ணெய் 100 கிராமுக்குச் சுமார் 900. மொத்தம் 1,600. அதில் தக்காளியின் பங்கு ஒன்பதில் ஒன்றுதான். மீதி எட்டுப் பங்கும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோன ரொட்டியும் எண்ணெயும்.

“சாப்பாடு எப்போ?” என்ற கேள்விக்கு விடை இந்த மூன்று வரியில் இருக்கிறது. நான் ரொட்டியை விட்டேன். எண்ணெயை ‘உடம்புக்கு நல்லதில்லை’ என்று ஒரு ஸ்பூனாகக் குறைத்தேன். மிச்சத்தை ஐஸ் போட்டு நீர்க்கவைத்தேன். அப்பாவுக்கு நான் கொடுத்தது ஒரு தக்காளி ஜூஸ். அவர் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார்.

ரொட்டிக்குக் கலோரி தவிர இன்னொரு வேலையும் இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் சேராது. ஊறிய ரொட்டியை உப்பு, பூண்டோடு இடித்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ரொட்டியின் மாவுச்சத்தும் புரதமும் எண்ணெய்த் துளிகளைப் பிரித்துப் பிடித்துக்கொள்கின்றன. கெட்டியான, வழவழப்பான ஒரு களி கிடைக்கும். அதைத் தண்ணீர் விட்டு எவ்வளவு நீர்க்கவைத்தாலும் எண்ணெய் எளிதில் மேலே மிதந்து வராது. ரொட்டி இல்லாத கஸ்பாச்சோவைப் பத்து நிமிஷம் வைத்துப் பாருங்கள்: கீழே தண்ணீர், மேலே சக்கை, ஓரத்தில் எண்ணெய்.

உழைப்பாளி உணவு என்ற ரொமான்ஸ்

இந்த இடத்தில் எதிர்ப்பக்கமும் நான் சாய்ந்துவிடக் கூடாது. ரொட்டியை மறக்கும் ஹோட்டல் மெனுக்களை விமர்சிக்கிறவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு: ‘அந்தக் கால உழவர்கள் எவ்வளவு ஞானத்தோடு சாப்பிட்டார்கள்’ என்ற பரவசம்.

விசென்தே பிளாஸ்கோ இபானியெஸ் 1905-ல் எழுதிய ‘லா போதேகா’ நாவல், ஹெரெஸ் வட்டாரத்துப் பெருநிலப் பண்ணைகளில் தினக்கூலிகள் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றியது. அதில் கஸ்பாச்சோ கோடைக்கால விருந்தாக வரவில்லை. பசியின் பெயராக, வேறு எதுவும் கிடைக்காததன் அடையாளமாக வருகிறது. பண்ணையாரிடம் இருந்தது ரொட்டி, கொஞ்சம் எண்ணெய், வினிகர், உப்பு. அதிலிருந்து என்ன செய்ய முடியுமோ அதுதான் கஸ்பாச்சோ. காய்கறிகள் கைக்குக் கிடைத்தால் சேரும், கிடைக்காவிட்டால் இல்லை. நான் மேலே போட்ட கணக்கில் எண்ணெய் 900 கலோரி என்றேன். அது இன்றைய தாராளம். அந்தக் கூலியின் கிண்ணத்தில் எண்ணெய் எவ்வளவு விழுந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அதனால் ‘ரொட்டியே மையம்’ என்று நான் சொல்வது பழம்பெருமை பேச அல்ல. அந்த ரொட்டி வறுமையின் ரொட்டி. ஆனால் அதைச் செய்முறையிலிருந்து எடுத்துவிட்டால் வறுமையோடு அந்த மனிதர்களும் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள். மிஞ்சுவது கண்ணாடிக் கோப்பையில் ஒரு சிவப்புப் பானம். கீழே ‘அந்தலூசிய உழவர்களின் பாரம்பரிய உணவு’ என்று ஒரு வரி. உழவரின் பெயரை வைத்துக்கொண்டு உழவர் சாப்பிட்டதை நீக்குவது கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய காரியம். இந்தக் கூச்சத்தில் எனக்கும் பங்கு உண்டு. அந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு தப்பும் ஒத்துக்கொள்கிறேன். ‘இது ஸ்பெயினின் நீராகாரம்’ என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். கேட்க நன்றாக இருக்கும். இரண்டும் வெயிலில் உழைக்கிறவர்களுக்கானவை, இரண்டிலும் முந்தைய நாளின் மிச்சம், இரண்டிலும் புளிப்பு, உப்பு, நீர். அதுவரை சரி. ஆனால் உள்ளே நடப்பது வேறு. பழைய சோற்றில் புளிப்பு வருவது இரவு முழுக்க நுண்ணுயிர்கள் வேலை செய்வதால்; காத்திருந்தால்தான் கிடைக்கும். கஸ்பாச்சோவில் புளிப்பு வெளியிலிருந்து, வினிகராக வருகிறது. இடித்த உடனே தயார். ஒன்று நொதித்தல், இன்னொன்று கலத்தல். ஒரே மாதிரிப் பிரச்சினைக்கு இரண்டு ஊர் எழுதிய இரண்டு வேறு அல்காரிதம். விடை ஒன்றுபோல இருப்பதால் கோடும் ஒன்று என்று சொன்னால் இரண்டையும் அவமதித்த மாதிரி.

ஆறிய சூப்பும் அடுப்பு ஏறாத சூப்பும்

‘குளிர்ந்த சூப்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டு வேறு பிராணிகளை அடைக்கிறார்கள் என்பது என் அடுத்த புகார். ஒன்று, அடுப்பே ஏறாதது: கஸ்பாச்சோ, தயிரில் வெள்ளரி போடும் பல்கேரியாவின் தாரட்டோர், க்வாஸ் ஊற்றிச் செய்யும் ரஷ்யாவின் அக்ரோஷ்கா. மற்றது, சமைத்து ஆறவைத்தது. இதற்குப் பிரபல உதாரணம் விஷிசுவாஸ். பெயர் பிரெஞ்சு, பிறந்தது நியூயார்க் ரிட்ஸ்-கார்ல்ட்டன் ஹோட்டலில், 1917 வாக்கில், லூயி தியா என்ற பிரெஞ்சு சமையல்காரர் கையில். சின்ன வயதில் அம்மா செய்த உருளைக்கிழங்கு–லீக் சூப்பில் குளிர்ந்த பால் ஊற்றிக் குடித்த நினைவிலிருந்து செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கிரீமும் உருளைக்கிழங்கின் மாவுச்சத்தும் தாங்கும் சூப் அது. பிரிட்ஜ் இல்லாமல் அதற்கு வாழ்வில்லை.

இந்த வேறுபாடு வெறும் வகைப்பாட்டு விளையாட்டு இல்லை. 1971-ல் அமெரிக்காவில் பான் விவான்ட் என்ற நிறுவனத்தின் டின் விஷிசுவாஸைச் சாப்பிட்ட ஒரு தம்பதியில் கணவர் இறந்தார், மனைவி கடுமையாக நோயுற்றார். காரணம் பாட்டுலிசம். டின்னில் அடைக்கும்போது போதிய சூடு ஏறவில்லை. காற்றில்லாத, புளிப்பு குறைந்த சூழலில் கிருமி வளர்ந்து நச்சை உண்டாக்கியிருந்தது. அந்த நச்சு 85 டிகிரிக்கு மேல் ஐந்து நிமிஷம் சூடாக்கினால் அழிந்துவிடும். வேறு எந்தச் சூப்பாக இருந்தாலும் வீட்டில் ஒரு கொதி கொதிக்கவைத்திருப்பார்கள். இது குளிராகச் சாப்பிடும் சூப். அந்தக் கடைசிக் கொதி இல்லை.

சூடான சமையலில் நாம் செய்யும் பல தவறுகளை அந்தக் கடைசிக் கொதி மன்னித்துவிடுகிறது. குளிர்ந்த சூப்பில் மன்னிப்பு கிடையாது. பிரிட்ஜ் கிருமிகளைக் கொல்வதில்லை, மெதுவாக்குகிறது. அதனால்தான் கஸ்பாச்சோவில் வினிகரை நான் வாசனைப் பொருளாகப் பார்ப்பதில்லை. பாட்டுலிசக் கிருமி வளராமல் இருக்க அமிலத்தன்மை pH அளவில் 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும்; தக்காளி பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கிறது. வினிகர் அதைக் கீழே இழுக்கிறது. ஆனாலும் மற்ற கிருமிகள் இருக்கின்றன. கையையும் காயையும் நன்றாகக் கழுவுவது, குடிக்கும் தண்ணீரையே ஊற்றுவது, அன்றைக்கே தீர்த்துவிடுவது, இந்த மூன்றுக்கும் மாற்று இல்லை.

எவ்வளவு குளிர்ச்சி?

பிரிட்ஜ் இல்லாத அந்தலூசிய வயலில் ‘குளிர்ந்தது’ என்றால் என்ன? கிணற்று நீர், அல்லது போதிகோ… இல்லை, போத்திஹோ என்று உச்சரிக்க வேண்டும். மெருகு போடாத மண் குடுவை, மூக்கு வைத்தது. வேலை செய்யும் விதம் நம் வீட்டு மண்பானைதான்: நீர் கசிந்து, வெளிப்பரப்பில் ஆவியாகி, உள்ளே இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 சின்னக் கலோரி வெப்பம் வேண்டும். வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராது என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் நீரை 10 டிகிரி இறக்க 17 கிராம் ஆவியானாலே போதும்.

ஆனால் எவ்வளவு தூரம் இறங்கும் என்பது காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. இந்த எல்லைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். 38 டிகிரி வெயில், 20 சதவீத ஈரப்பதம் என்றால் எல்லை ஏறத்தாழ 21 டிகிரி. செவில்லாவின் காய்ந்த மதியங்கள் இந்த வகை. 35 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்றால் எல்லை 29. சென்னைக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது கணக்கு பழக்கம்; பானைத் தண்ணீர் மதுரையில் ஜில்லென்று இருக்கும், நம்ம வீட்டில் ஏன் சுமாராக இருக்கிறது என்பதற்கும் இதுதான் பதில்.

ஆக, அந்தச் சூப் பிறந்த குளிர்ச்சி ஐஸின் குளிர்ச்சி இல்லை. 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி. இது ருசிக்கும் முக்கியம். நாக்கு குளிர்ந்தால் இனிப்பு மங்கும். ஆலிவ் எண்ணெய் பிரிட்ஜில் உறைந்து மந்தமாகும். ஐஸ் போட்டால் இன்னொரு கேடு: 500 கிராம் சூப்பில் 100 கிராம் ஐஸ் கரைந்தால் உப்பு, புளிப்பு எல்லாம் ஆறில் ஒரு பங்கு குறையும். சூடாக இருக்கும்போதோ அரைத்த உடனேயோ உப்பு பார்த்துவிட்டு, பிறகு குளிரவைத்து, ஐஸும் போட்டுக் கொடுத்தால் அது சப்பென்று இருக்காமல் வேறு எப்படி இருக்கும்? உப்பைக் குளிர்ந்த பிறகு பார்க்க வேண்டும்.

இப்போது நான் செய்வது

விமர்சனம் மட்டும் எழுதிவிட்டுப் போனால் நியாயமில்லை. நாலு பேருக்கு இது.

நன்கு பழுத்த நாட்டுத் தக்காளி 600 கிராம். இனிப்பில்லாத ரொட்டி 120 கிராம், ஒரு நாள் காய்ந்தது. நம் பேக்கரிகளில் கிடைக்கும் வெள்ளை ரொட்டியில் சர்க்கரை தூக்கலாக இருக்கும். அதைப் போட்டால் கேக் ஊறிய மாதிரி ஆகிவிடும். இனிப்பில்லாத கோதுமை ரொட்டி தேடி வாங்குங்கள். எண்ணெய் 60 மில்லி. பூண்டு ஒரு பல், பெரிசாக இருந்தால் பாதி. உப்பு ஒரு டீஸ்பூன். வெள்ளரி பாதி, குடைமிளகாய் கால். வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன். நாட்டுத் தக்காளி நல்ல புளிப்பாக இருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், அடியோடு விட வேண்டாம்.

ரொட்டியைப் பிய்த்து, நசுக்கிய தக்காளியில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். இந்த அரை மணி நேரத்தை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம். பிறகு பூண்டு, உப்பு, காய்களோடு மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் சூடாகிவிடும். கடைசியில் குறைந்த வேகத்தில் எண்ணெயை மெல்லிய நூலாக விட வேண்டும். சிவப்பு, வெளிறிய ஆரஞ்சாக மாறும். அந்த நிற மாற்றம்தான் எண்ணெயும் நீரும் கைகோத்துவிட்டன என்பதற்கு அடையாளம். வினிகர் சேர்த்து, வேண்டிய அளவு தண்ணீர் விட்டு, இரண்டு மணி நேரம் பிரிட்ஜில். எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்து, அப்புறம் உப்பு பார்த்துச் சாப்பிடலாம். ஐஸ் வேண்டாம்.

ரொட்டி பிடிக்காது, கோதுமை ஒத்துக்கொள்ளாது என்கிறவர்கள் இருப்பார்கள். ரொட்டி இல்லாமல் தாராளமாகச் செய்யுங்கள், வெயிலுக்கு நன்றாகவே இருக்கும். அதைத் தக்காளி ஜூஸ் என்று சொல்லுங்கள். அதுவும் நல்ல பெயர்தான்.

போன மாதம் இந்த அளவில் செய்து அப்பாவுக்குக் கொடுத்தேன். ஒரு கிண்ணம் முடித்துவிட்டு, சமையலறைப் பக்கம் பார்த்து, தொட்டுக்க மோர் மிளகாய் இருக்கா என்று கேட்டார். அந்தலூசியாவில் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. வறுத்துக் கொடுத்தேன்.